பழைய ஈயம், 312 கிலோ

தாருகானாவில் ஹாத்திம் பாயின் கிடங்கு.
துருவின் வாசனை தொண்டையில் ஒட்டுகிறது.
புது ஈயம் முன்வரிசையில் பளபளக்கிறது.
அது வேண்டாம் என்கிறேன்.
கடலுக்கடியில் இருநூறு வருஷம் கிடந்த ஒன்று
இங்கே வந்திருக்கிறதாமே?

மூழ்கிய கப்பலின் அடிவயிற்றுப் பாரம்.
கறுத்து, சிப்பி அப்பி, ஒரு மூலையில்.

"புது ஈயம் பேசிக்கொண்டே இருக்கும் பாய்.
இருபத்திரண்டு வருஷம் போனால் பாதிக் குரல் அடங்கும்,
இன்னொரு இருபத்திரண்டில் பாதியின் பாதி.
இது பேசி ஓய்ந்த ஈயம்."
"என் மாமனாருக்குத் தொண்ணூற்றொன்று," என்கிறார்,
"இன்னும் ஓயவில்லை."

சுமை ஏற்றும் சுடலைமணி என் தமிழைக் கேட்டுச் சிரிக்கிறார்:
"ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்லா குடுப்பாவ,
நீங்க துட்டு தாரீயளே!"

எதைப் பிடிக்க?
தெரியாது பாய். கண்ணில் படாது, கையில் படாது.
இந்த நிமிஷம் உங்கள் தராசுக்குள் நுழைந்து
உங்களுக்குள்ளும் நுழைந்து
போய்க்கொண்டிருக்கலாம்.
அப்புறம் இருக்கிறதென்று யார் சொன்னது?
எடை சொன்னது.
பால்வெளி சுழலும் வேகத்துக்கு
பார்த்த பொருளின் எடை போதவில்லை.

முதல்முறையாக நிமிர்ந்து பார்க்கிறார்.
நாற்பது வருஷமாகக் கப்பலின் பெயரைச் சுரண்டி,
கொடியைக் கழற்றி, கேப்டனின் கண்ணாடியை விற்று,
எடையை மட்டும் நம்பியவர்.
"எடை இருந்தால் சரக்கு இருக்கிறது.
கழிவு எவ்வளவு, அதைச் சொல்."

கழிவுதான் பாய் என் உத்தியோகம்.

பரிசோதனை வடிவமைப்பது என்றால்
காது செய்வது என்று நினைத்துச் சேர்ந்தேன்.
ஒன்பது வருஷமாக எழுதுவது
கேட்கக்கூடாதவற்றின் பட்டியல்:
செம்பில் ஒளிந்த தோரியம், காற்றில் ரேடான்,
கூரையை மதிக்காத மியூவான் தூறல்,
சர்ச்கேட்டில் நுழையும் லோக்கலின் அதிர்வு
(எங்கள் வரைபடத்தில் டைம்டேபிளையே படிக்கலாம்),
கொலாபாவின் அலை,
அப்புறம் நான்.
நொடிக்கு நாலாயிரம் பொட்டாசியம் அணு
எனக்குள் உடைகிறது.
படிகத்தின் பக்கத்தில் நான் நிற்பதே இரைச்சல்.
வாழைப்பழம் தின்றவர் உள்ளே வராதே என்று
கதவில் ஒட்டிய சீட்டு பாதி வேடிக்கை.

செங்கல் செங்கல்லாக ஈயத்தை அடுக்கும்போது
கேட்டவன் காதில் இதைக் காய்ச்சி ஊற்றச் சொன்ன
சட்டம் நினைவுக்கு வந்தது.
அந்தக் காதுகளின் வம்சம் நான்.
கையுறையைச் சரிசெய்துகொண்டு
அடுத்த கல்லை வைத்தேன்.
கேட்பதற்காக.

தணிக்கைக்காரர் எழுதிக் கேட்டார்:
புதியது மலிவாகக் கிடைக்கையில் பழையது ஏன்?
மூன்று கொட்டேஷன் எங்கே?
இன்னும் பதில் போடவில்லை.

ஃப்ரெனி தரவில் உப்பிடுகிறவள்.
எங்கோ ஒரு பொய்த்துடிப்பை ஒளித்து
விடையை உறையில் போட்டு அரக்கு வைத்துவிடுவாள்,
எங்கள் ஆசை எங்களை ஏமாற்றுகிறதா என்று பார்க்க.

ஜூலை. மூன்று மணி பன்னிரண்டு நிமிஷம்.
கடைசி லோக்கல் போயாயிற்று,
முதல் லோக்கல் வரவில்லை.
கழிக்க வேண்டியதெல்லாம் கழித்த பின்னும்
ஒரு துடிப்பு மிச்சம்.
வடிவம் சரி. ஆற்றல் சரி.
மழைகூட நின்றிருந்தது என்றுதான் ஞாபகம்,
நிற்கவில்லை என்கிறது பதிவேடு.

உறையைப் பிரித்தோம்.
உப்பு.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
நினைத்தேன்,
நல்ல தமிழில் இரண்டு வார்த்தை.

பிறகு அதையும் கழித்து
இதற்கு மேல் இருக்க வழியில்லை என்று
ஒரு கோடு கிழித்தோம்.
அந்தக் கோட்டுக்குக் கீழே
நிறைய இடம் இருக்கிறது.
அடுத்தது சுரங்கத்தில், ஒரு கிலோமீட்டர் ஆழத்தில்.
ஈயம் முன்னால் போகும், லாரியில்.

நாலே கால். தரை லேசாக அதிர்ந்தது.
வாசலுக்கு வெளியே அப்போதுதான் விரித்த தள்ளுவண்டி.
இரண்டு வாழைப்பழம் வாங்கி
நின்றபடியே தின்றேன்,
உடம்பு முழுக்கச் சத்தமாக.